பூரணியின் புருவம்

"எனக்கு ஆபரேசன் வேணாங்கக்கா."

நர்ஸ் மரியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாடி, விளையாடுறியா? விடிஞ்சா ஆபரேசன்!"

பூரணி கட்டிலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். தொழுநோய் முழுசாகக் குணமாகிவிட்டது. அது கொண்டுபோன புருவம்தான் திரும்பவில்லை. புருவமில்லாத முகத்தைக் கண்டாலே அவள் ஊரான மாதனூரில் நோவுக்காரி என்று ஒதுங்கிப் போவார்கள். புருவத்தோடு வந்தால்தான் வாசப்படி மிதிக்கலாம் என்று மாமியார் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

தலையிலிருந்து முடியோடு தோலெடுத்துப் புருவத்தில் வைத்துத் தைக்கும் டாக்டர், அடுத்த வாரம் சீமைக்குப் போகிறார். திரும்பிவர ஆறு மாதம் ஆகும். நாளைக்குத்தான் அவருடைய கடைசி ஆபரேஷன்.

"உன் வீட்டுக்காரர் தோல் பதனிடுற ஷாப்புல லீவு சொல்லிட்டு வாரா வாரம் ஓடி வர்றாரே, அவருக்கு இன்னா பதில் சொல்றது? கொழுப்புடி உனக்கு!"

"திட்டாதீங்கக்கா. ஆறு மாசம் நான் இருந்துக்கறேன். என் முறையை அவங்களுக்குக் குடுத்துடுங்க."

"எவங்களுக்கு?"

பூரணி கண்ணால் காட்டினாள். வார்டு கோடியில், புதிதாகச் சீமையிலிருந்து வந்த ஹில்டா நர்ஸம்மா ஒருவருக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். புருவம் இருக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் இழுத்த மெல்லிய கோடு. வேர்வையில் ஒரு பக்கம் பாதி அழிந்திருந்தது.

"பாவம்க்கா. நமக்காக அவ்ளோ தூரம் வந்தவங்க. அவங்களுக்கும் இந்த நோவா? மையால வரைஞ்சு எத்தினி நாளைக்கு மறைப்பாங்க?"

மரியம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடிப் பைத்தியமே! நோவு இல்லடி. அவங்களே பிடுங்கிக்கிறாங்க. அவங்க ஊர்ல அதான் அழகு!"

பூரணி சிரிக்கவில்லை.

"நானும் ஊர்ல அப்டித்தாங்கக்கா சொன்னேன், நானே மழிச்சிக்கினேன்னு. யாரு நம்புனாங்க?"

மரியம்மாள் வார்டு கோடிக்கு நடந்தாள்.

என்ன விஷயம் என்று ஹில்டா இங்கிலீஷில் கேட்டார். கோபித்துக்கொள்வாரோ என்ற பயத்தோடேயே மரியம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஹில்டா நேரே வந்து பூரணியின் கையைப் பிடித்துக்கொண்டார். தெரிந்த அரைகுறைத் தமிழில், "நீ முதல். நான் அப்புறம்" என்றார்.

மழைக்காலம் முடிந்து, பூரணியை அழைத்துப்போகப் புருஷன் வந்தான். புதுப் புருவத்துக்கு மேலே பொட்டு வைத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ள ஹில்டாவிடம் போனவள், போன வேகத்தில் மரியம்மாளிடம் ஓடிவந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஆண்டவன் கண்ணத் தொறந்துட்டான்க்கா! அவங்களுக்கு ஆபரேசன் இல்லாமலே முளைச்சிடுச்சு!"