முன்சக்கரத்தில் ஒரு சத்தம்

"சத்தம் முன்பக்கத்துலதான் வருது, அண்ணே. பள்ளத்துல இறங்கினா 'டொக்'குங்குது. பிள்ளைங்களோட போறேன், கொஞ்சம் பார்த்துடுங்க" என்றாள் ருதைனா.

சர்கா நகரின் பட்டறைத் தெருவில் நஸ்மி அப்போதுதான் கடை திறந்திருந்தார். காரின் பின்சீட்டில் இரண்டு சிறுமிகள் எள் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"எப்பலேருந்து இந்தச் சத்தம்?"

"ஸ்பிரிங் மாத்தினதுக்கு அப்புறம்தான். எங்க வீட்டுக்காரரே மாத்தினாரு, வீட்டு முற்றத்துல வெச்சு."

"அதானே! எல்லாரும் மெக்கானிக் ஆயிட்டா நான் கடைய மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

பிள்ளைகளை இறக்கி உட்காரவைத்துவிட்டு, ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கினார். ஸ்பிரிங் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது. குறை சொல்ல முடியாத வேலை. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். அது கழன்று விழுவதுபோல் ஆடியது. குனிந்து உள்ளே பார்த்தார்.

சக்கரத்தை ஷாக் அப்சார்பரோடு பிணைக்கும் போல்ட் இரண்டு. ஒன்றில் நட்டே இல்லை. மற்றது விரலுக்கே சுழன்றது.

"இங்க வந்து பாரு தங்கச்சி! எங்க போகணும் நீ?"

"ஜெராஷுக்கு. மாமியார் வீட்டுக்கு."

"அந்த மலை இறக்கத்துல இது கழண்டிருந்தா உங்களை அள்ளத்தான் வேண்டியிருக்கும்."

அவள் குனிந்து பார்த்தாள். முக்காடு சற்று விலகியது. கழுத்தில் விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது. சட்டென்று இழுத்து மூடிக்கொண்டாள். நஸ்மி வேறு பக்கம் பார்த்தார்.

"உன் வீட்டுக்காரருக்குப் போனைப் போடு. ரெண்டு வார்த்தை கேக்கணும்."

தயங்கித் தயங்கித்தான் போட்டுக் கொடுத்தாள்.

"நட்டை இறுக்காமலா விடுவேன்?" என்று மறுமுனையில் அவன் கத்தினான். "ஸ்பேனர்ல குழாயை மாட்டி, முழு பலத்தோட இறுக்கினேன்டா! காசு புடுங்கவா பாக்குறே? அவகிட்ட குடு... ஏய், உன்னை யாருடி பட்டறைக்குப் போகச் சொன்னா? வீட்டுக்கு வா, வெச்சுக்கறேன்."

அந்தக் குரல் கேட்டதும் சின்னவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"வாயைத் தொறந்தாலே பொய்" என்று முணுமுணுத்தபடி நஸ்மி புது நட்டுகளைப் போட்டார். ஸ்பேனரில் குழாயைச் செருகி, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் போட்டு இறுக்கினார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சத்தம் அடியோடு நின்றிருந்தது.

"இனி கவலை இல்லை. நல்லவேளை, இன்னிக்காவது கொண்டுவந்தே."

ருதைனா பிள்ளைகளை ஏற்றிக் கதவைச் சாத்தினாள். கிளம்பவில்லை. அவர் அருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் பொய் சொல்லலை, அண்ணே. நல்லாத்தான் இறுக்கியிருந்தாரு."

நஸ்மிக்குப் புரியவில்லை.

"பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போன்னு இன்னிக்குக் காலையிலதான் திடீர்னு சொன்னாரு. நாளைக்கு இதே கார்ல அவர் தனியாத்தான் போறாரு." தோல் உரிந்து சிவந்திருந்த உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். "அவர் இறுக்கினதைக் கழட்டவே கை இப்படி ஆயிடுச்சு. நீங்க இறுக்கினதை என்னால கழட்ட முடியுமா?"