கறுப்புப் பட்டு

"எர்னஸ்டீனா? போன ஞாயித்துக்கிழமைகூடப் பார்த்தேனே. கறுப்புப் பட்டு உடுத்திக்கிட்டு சர்ச்சுக்குப் போச்சு. ஊரே பின்னால போச்சு."

அடிலெய்டு துறைமுகத்துச் சாராயக் கடையில் பாத்திர வியாபாரி டாப்ஸன் இப்படிச் சொன்னதும், கோட்லீப் மேசைமேல் இருந்த மண்தொட்டியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

தொட்டியில் ஒரு மிர்ட்டில் செடி. ஜெர்மனியிலிருந்து வந்து நாங்கள் குடியேறிய லிண்டன்பாக் கிராமத்தில் கல்யாணப் பெண் கறுப்புதான் உடுத்துவாள். தலையில் மிர்ட்டில் இலை வளையம் சூடுவாள். இந்த வருஷம்தான் எங்கள் பக்கம் வண்டி ஓட்ட ஆரம்பித்திருக்கும் இங்கிலீஷ்காரர் டாப்ஸனுக்கு இது எங்கே தெரியப்போகிறது?

கோட்லீப் எட்டு வருஷம் காட்டை வெட்டி, தனக்கு நிச்சயமான எர்னஸ்டீனுக்காக வீடு கட்டியவன். அம்மாவை அழைத்துவர ஜெர்மனி போனான். அம்மாவைப் புதைத்துவிட்டு, இந்தச் செடியோடு 'ஹெர்மினா' கப்பலில் திரும்பினான். பாதி வழியில், கேப் டவுனில், காய்ச்சலென்று அவனை மட்டும் இறக்கிவிட்டார்கள். வேறு கப்பல் பிடித்து இன்று காலைதான் வந்திறங்கினான், ஏழு மாதம் தாமதமாக.

"கூட யாருங்க போனாங்க?"

"அப்பாதான் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போனாரு. கையில பச்சை இலை வளையம் ஒண்ணு. அழுதுக்கிட்டேதான் போச்சு, பாவம்."

கல்யாணப் பெண் அழத்தான் செய்வாள். ஏழு மாதம் காத்திருக்க முடியவில்லையே அவளால் என்று நினைத்துக்கொண்டான். மாப்பிள்ளை யார் என்று கேட்க வாய் வரவில்லை.

வெளியே மெல்போர்ன் கப்பலின் மணி அடித்தது. தங்கம் தோண்டப் போகிற கூட்டம் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தது.

"லிண்டன்பாக் தானே போகணும்? என் வண்டியிலயே வாயேன்."

"அங்க இனிமே எனக்கு யாருமில்லைங்க."

தொட்டியைக் கடைக்காரியின் பக்கம் நகர்த்தினான். "இதை நீங்களே வச்சுக்குங்கம்மா. எனக்கு இனிமே உதவாது." திரும்பிப் பார்க்காமல் போய் மெல்போர்ன் கப்பலில் ஏறிவிட்டான்.

கப்பல் போன பிறகு கடைக்காரி செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"ஏன்யா, அந்தப் பொண்ணு வீட்ல யாரு செத்தது?"

டாப்ஸன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அதுக்கு நிச்சயம் பண்ணியிருந்த ஆளு. மூழ்கிப்போன 'ஹெர்மினா'வுல வந்தானாம், யாரோ கோட்லீப்."