மூன்றாவது மெஷின்

மெக்கானிக் ராபின் பெருமூச்சு விட்டபடி எழுந்ததுமே, தணிகைவேல் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். தோள் இரண்டும் குலுங்கின.

"அழாதடா" என்றாள் அவன் அம்மா அஞ்சம்மாள். "ராபினு, நீ ஒண்ணுமே பண்ண முடியாதாப்பா?"

"கை மீறிப் பூடுச்சிம்மா." வாஷிங் மெஷினுக்குள்ளிருந்து கழற்றிய ஹீட்டர் காயிலை ராபின் தூக்கிக் காட்டினான். பளபளவென்று இருக்க வேண்டிய கம்பி, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை வெளேரென்று தடித்திருந்தது. "எல்லாம் போர் தண்ணி உப்பு. பேரிங்கு, போர்டு எல்லாமே காலி. காலைல கடம்பத்தூர்ல ஒரு ஊட்ல பாத்துட்டு வரேன், அங்கயும் இதே கதைதான்."

திருப்பாச்சூரில் அந்தத் தெருத் தண்ணீருக்கு அப்படியொரு மகிமை. குழாயில் பூக்கும், குக்கரில் பூக்கும், பக்கெட்டில் பூக்கும். தலைமுடியை மட்டும் கொட்ட வைக்கும்.

மூத்த மருமகளோடு வந்த மெஷின் நாலு வருஷம் உழைத்துவிட்டுப் படுத்தது. படுத்த மாதமே இரண்டாவது மகனுக்குப் பெண் பார்த்தார்கள். இரண்டாவது மெஷின் வந்தது. கூடவே இரண்டாவது மருமகளும் வந்தாள்.

அஞ்சம்மாள் வாயைத் திறந்து வரதட்சணை என்று கேட்டதே கிடையாது. அதெல்லாம் பாவம். 'எங்க ஊட்டு மெஷின் ரிப்பேரு' என்று மட்டும் சம்பந்தி காதில் போட்டுவைப்பாள். புரிந்துகொள்கிற அளவுக்குச் சம்பந்திகளும் நல்லவர்களாகவே அமைந்தார்கள்.

தணிகைவேலின் நேரம், இந்த இரண்டாவது மெஷின் ஏழு வருஷமாக சளி இருமல்கூட இல்லாமல் ஓடியது. கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸில் பழகிய கடம்பத்தூர் நர்மதாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவன் வீட்டில் சொல்லியே மூன்று வருஷம் ஆகிறது. "பொண்ணு நல்லாதான் கீது. இன்னா அவசரம்? ரெண்டு வருஷம் போவட்டும்" என்பாள் அஞ்சம்மாள், மெஷினைப் பாசத்தோடு தடவியபடி.

நர்மதா வீட்டில் அப்படி இல்லை, எல்லோரும் தயார். தங்கச்சியை அனுப்பிவிட்டுத்தான் மாலை மாற்றுவேன் என்று அவள் அண்ணன் முப்பத்துநாலு வயதுவரை காத்துக்கொண்டிருந்தான். பாவம், மனுஷனுக்கு முன்வழுக்கை வேறு விழ ஆரம்பித்திருந்தது.

"எம்புள்ள இந்த மெஷின எப்பிடி வெச்சிக்கினு இருந்தான் தெரியுமா ராபினு?" அஞ்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒத்தக் கர்சீப்பா இருந்தாலும் கொதிக்கிற தண்ணி பட்டன் போட்டுத்தான் தோய்ப்பான். ஒரு நாளைக்கு மூணு வாட்டி! அவ்ளோ சுத்தம்."

ராபின் காயிலைப் பார்த்தான், தணிகைவேலைப் பார்த்தான். உப்புத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஓட்டினால் மெஷினுக்கு என்ன ஆகும் என்று மெக்கானிக்குக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. தணிகைவேல் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். இந்த முறை சிரிப்பு கொஞ்சம் வெளியே கேட்டேவிட்டது. அதை இருமலாக மாற்றினான்.

"அடுத்து வாங்குற மெஷினுக்காச்சும் ஒரு ஃபில்டர் போடுங்கம்மா" என்றான் ராபின். "உப்பு உள்ள போவாது. பத்து வருஷம் அசையாம ஓடும்."

"ஃபில்டரா? அதுக்கு நாங்க கைக்காசு போடணுமே!" அஞ்சம்மாளுக்கு அந்த யோசனையே அருவருப்பாக இருந்தது. வாசலில் பேப்பருக்குள் ஒளிந்திருந்த கணவர் ஆதிநாராயணன் பக்கம் திரும்பினாள்.

"இன்னாங்க, சின்னவனுக்கு வயசாய்க்கினே போவுது, நீங்க பாட்டுக்குப் பேப்பர் படிச்சிக்கினு கீறீங்க. ஞாயித்துக்கெழம அந்த நர்மதா பொண்ணு ஊட்டுக்குப் போய்ப் பேசி முடிச்சிடலாம். மெஷின் விசயத்த மறக்காம காதுல போட்டுடுங்க."

மாமனார் தலையில் மெஷினைக் கட்டுவது தணிகைவேலுக்கும் பிடிக்கவில்லைதான். தானே தவணையில் வாங்கி, நர்மதா வீட்டுச் சீர் என்று இறக்கிவிடலாம் என்று கடையில் விசாரித்தும் வைத்திருந்தான். அவனுக்கு வேண்டியது நர்மதா. அதற்காக இரண்டு வருஷம், ஒரு நாளைக்கு மூன்று முறை, கர்சீப் தோய்த்தவன் அவன்.

மொட்டை மாடிக்கு ஓடினான். செல்லில் அவள் குரல் கேட்டதும் கத்தியேவிட்டான்.

"நர்மதா, மெஷின் ஒருவழியா செத்துப் பூடுச்சி! அம்மா ஓகே சொல்லிட்டாங்க! ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்கு வரோம்!"

செல்லைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டான்.

"இன்னா, சந்தோசத்துல பேச்சே வரலியா?"

"ஞாயித்துக்கெழம எங்க ஊட்ல யாரும் இருக்க மாட்டாங்க வேலு. அண்ணனுக்குப் பொண்ணு பாக்கப் போறாங்க."

"அண்ணனுக்கா? உன் கல்யாணம் முடிஞ்சாதானே அவருக்கு?"

"அம்மா மாத்திட்டாங்க. உனுக்கு இன்னா அவசரம், ரெண்டு வருஷம் போவட்டும்னு சொல்லிட்டாங்க."

"நேத்து வரிக்கும் நல்லாதானே இருந்தாங்க! திடீர்னு இன்னா ஆச்சி?"

நர்மதா மூக்கை உறிஞ்சினாள்.

"காலைல எங்க ஊட்டு மெஷினும் பூடுச்சி."