அலுமாரிக்கு ஒரு விசிறி

"இதைவிடச் சத்தம் குறைஞ்சது இல்லையோ, நானா?"

பாக்கியரத்தினம் இப்படிக் கேட்டது மூன்றாவது தடவை. திருகோணமலைக் கடைத்தெருவில் மின்சாமான் விற்கும் ஸைனுலாப்தீன் நானா, இரண்டு விசிறிகளை ஏற்கெனவே ஓடவிட்டுக் காட்டியிருந்தார். முதலாவது குசினிப் புகை போகச் சுவரில் பூட்டுகிற தகர விசிறி. அது ஓடத் தொடங்கியதும் தட்டில் இருந்த பல்புகள் எல்லாம் கிலுகிலுத்தன. இரண்டாவது சின்னது, ஆனால் காதுக்குள் நுளம்பு புகுந்ததுபோல ஓயாத கீச்சு.

"ஒரு அலுமாரிக்குள்ள இருக்கிற காத்தை வெளியில தள்ள இவ்வளவு பார்க்கோணுமா? உள்ள என்னதான் வச்சிருக்கிறீங்க?"

"காளான்" என்றார் பாக்கியரத்தினம்.

ஓர்ஸ் ஹில்லில் அவர்களுடையது இரண்டே அறை உள்ள வீடு. ஆவணி மாதத்துக்குப் பிறகு அவர் மனைவி குணேஸ்வரி பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போவதில்லை. ஆட்களைக் காணவும் விரும்பாமல் சுவரைப் பார்த்தபடி கிடந்தவளை எழுப்பி உட்கார வைத்தது இந்தக் காளான்தான். பழைய உடுப்பு அலுமாரியின் தட்டுகளில் மரத்தூள் பைகளை அடுக்கி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்தாள். ஆனால் முளைத்தவையெல்லாம் காம்பு நீண்டு, குடை விரியாமல் சுருங்கிப்போயின. உள்ளே காற்று மாறவில்லை, சின்ன விசிறி ஒன்று பூட்டுங்கள் என்று விவசாய அலுவலகத்தில் சொன்னார்கள். அலுமாரி இருந்ததோ படுக்கை அறைக்குள்.

"சத்தத்தில மனுசி நித்திரை கொள்ளமாட்டா எண்டு பயமோ?" என்று நானா சிரித்தார்.

"எனக்குத்தான் சத்தம் ஆகாது நானா. வாசல் படலையை ஆரும் தொட்டாலும் எனக்குக் கேக்கோணும்."

நானாவின் சிரிப்பு நின்றது. அந்த வருடங்களில் அதற்கு மேல் யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் உள்ளே போய், பழுதான கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து கழற்றிய விசிறியைக் கொண்டுவந்து ஓடவிட்டார். சின்ன விசிறி வேகமாகச் சுற்றுவதால்தான் கத்துகிறது, இது அகலமானது, மெதுவாகச் சுற்றியே அவ்வளவு காற்றையும் இழுத்துவிடும் என்றார். நாலு மூலைக்கும் சைக்கிள் ரியூப் துண்டு கொடுத்துப் பூட்டினால் பலகையும் அதிராதாம். பாக்கியரத்தினம் குனிந்து காதைக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கன்னத்தில் காற்று மட்டும் பட்டது.

"இதுதான் நானா, இதுதான்" என்றார்.

அதை ஓட்டுவதற்குக் கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற ஒரு கறுப்புப் பெட்டியும் இரண்டு வயரும் வேண்டியிருந்தன. அவைதான் வினையாகின. வீட்டுக்குப் போகிற வழியில் இருந்த சோதனைச் சாவடியில், பையைத் திறந்து பார்த்த ஆமிக்காரன் அவரைத் தனியாக நிறுத்திவிட்டான். வயர், பெட்டி, சுற்றுகிற சாமான். அவர் துறைமுகக் கந்தோரில் வேலை செய்பவர், சிங்களம் நன்றாக வரும். காளானைப் பற்றிச் சொல்லச் சொல்ல, தன் காதுக்கே அது பொய் மாதிரித்தான் பட்டது. ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றார். இதைவிடச் சின்ன விஷயத்துக்குப் பிடிபட்டுப் போனவர்கள் பலர் திரும்பி வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். தனக்கு ஏதும் ஆனால் வீட்டில் அவள் ஒருத்தி என்ன செய்வாள் என்பதையே திரும்பத் திரும்ப நினைத்தார்.

கடைசியில் இளம் அதிகாரி ஒருவன் வந்து பார்த்துவிட்டு, ஆள் போகலாம், சாமான் போகாது என்றான்.

வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தவரின் முகத்தைப் பார்த்ததும் குணேஸ்வரி ஒன்றும் கேட்கவில்லை. பிளேன்ரீ ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள்.

அடுத்த நாள் நானாவிடம் போய் அந்தத் தகர விசிறியைக் கேட்டார்.

"அதோட நீங்க ஒரு நாள் இருக்கமாட்டீங்க ஐயா. அது காது கிழிக்கிற சாமான்" என்றார் நானா.

"பார்த்தவுடன குசினி ஃபான் எண்டு விளங்கும். அது போதும்."

சாவடியில் அதை யாரும் மறிக்கவில்லை. சனிக்கிழமை காலையில் அலுமாரியின் முதுகுப் பலகையில் வட்டமாக வெட்டி, நானா சொன்னபடியே ரியூப் துண்டு கொடுத்துப் பூட்டினார். பகலில் கொஞ்ச நேரம் ஓடவிடுவது, பொழுதுபட்டதும் நிறுத்திவிடுவது என்று மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். ரியூப் துண்டுகளால் ஒரு பலனும் இல்லை. அலுமாரி, கதவு, ஜன்னல் கம்பி எல்லாம் சேர்ந்து தடதடத்தன.

குணேஸ்வரி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, என்ன அந்தச் சத்தம்? அதை ஒருக்கா நிப்பாட்டுங்கோவன்."

சுவிட்சுக்குப் போன பாக்கியரத்தினத்தின் கை பாதியில் நின்றது. அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது. துருவிய தேங்காய் ஒட்டிய கையோடு ஓடிவந்த குணேஸ்வரி, அவரையும் அலுமாரியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நிப்பாட்டமாட்டன், இது ஓடட்டும்" என்றார் அவர்.

ஆவணியில் வேலிக்கு அங்கால் ஷெல் விழுந்த நாளிலிருந்து படலையையும் சைரனையும் அந்த வீட்டில் இரண்டு பேருக்குமாக அவர் ஒருவரே கேட்டுக்கொண்டிருந்தார்; ஐந்து மாதத்துக்குப் பிறகு குணேஸ்வரியின் காதில் விழுந்த முதல் சத்தம் அது.