எழுபது வயது ரத்தம்

“இது வயசானவங்க ரத்தம்மா. எழுபது கிட்ட இருக்கும்” என்றாள் ஆய்வகத்துப் பெண் அனுப்பிரியா.

அக்கா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். நான்தான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அக்கா மகன் டேவிட்டுக்கு இருபத்தாறு.

சேத்தியாத்தோப்பு பாலத்துக்குக் கீழே அவன் பைக் கிடந்தது. பக்கத்தில் ரத்தம் ஊறிக் காய்ந்த ஒரு துண்டு. ஆள் இல்லை. மருந்து கம்பெனியில் ரெப் வேலை அவனுக்கு. ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கடலூரிலிருந்து கிளம்பினவன். இரண்டு வாரமாக போன் சுவிட்ச் ஆஃப்.

போலீஸ் அங்க அடையாளம் கேட்டபோது அக்கா இரண்டு சொன்னாள். இடது காது மடலில் மச்சம். நெஞ்சின் நடுவில், கைக்குழந்தையாக இருந்தபோது இருதய ஆபரேஷன் செய்த தழும்பு. எழுதிக்கொண்டார்கள். ஆற்றில் தேடினார்கள். துண்டை டி.என்.ஏ. சோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். அது வர நாளாகுமாம். நம் ஊரில் எதுதான் நாளாகாமல் வந்திருக்கிறது.

அதற்குள், ரத்தம் எந்த வயதுக்காரருடையது என்றாவது பார்க்கலாம் என்று துண்டின் ஒரு மூலை மட்டும் சிதம்பரத்தில் இந்த ஆய்வகத்துக்கு வந்திருந்தது. இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். நீங்களே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ரத்தத்தைப் பார்த்து வயது சொல்கிறார்களாம், கிளி ஜோசியம்தான் என்று வரும் வழியெல்லாம் முணுமுணுத்தேன். வாயை மூடிக்கொண்டு வா என்றாள் அக்கா.

அனுப்பிரியா பொறுமையான பெண். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பி வைத்துச் சொன்னாள்.

ரத்தத்தில் நோயோடு சண்டை போடுகிற செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை, தைமஸ் என்ற சுரப்பியில் தேறி வெளியே வருகிறது. அப்படி வருகிற புது செல்லுக்குள் டி.என்.ஏ.விலிருந்து வெட்டிக் கழித்த ஒரு துணுக்கு, சின்ன வளையமாகக் கிடக்கும். செல் இரண்டாகப் பிரிந்தால் வளையம் இரண்டாகாது. வயது ஏற ஏறச் சுரப்பி சுருங்கும், புது செல் வரத்து குறையும், வளையமும் குறைந்துகொண்டே போகும். காய்ந்த ரத்தத்தில்கூட அதை எண்ணிவிடலாம்.

“சின்ன வயசுக்காரங்கன்னா நெறைய இருக்கும் சார். இதுல தேடிப் புடிக்க வேண்டியிருந்துச்சு. மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன்.”

“அந்தச் சுரப்பி எங்கம்மா இருக்குது?” என்று கேட்டாள் அக்கா.

“இங்கதாம்மா. நெஞ்செலும்புக்குப் பின்னால, இருதயத்துக்கு முன்னாடி.”

அக்காவின் கை தன் நெஞ்சுக்குப் போனது. சிலுவை போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். போடவில்லை. கை அங்கேயே இருந்தது.

இது வயதை மட்டும்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது, டி.என்.ஏ. வரட்டும் என்று அந்தப் பெண் என்னவோ சொன்னாள். என் காதில் ஏறவில்லை.

எனக்குத்தான் எல்லாம் புரிந்துவிட்டதே. பயல் யாரோ ஒரு கிழவர் மேல் பைக்கை விட்டிருக்கிறான். அடிபட்டவரை யாராவது தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இவன் பயந்து ஓடி, எவனாவது சிநேகிதன் ரூமில் பதுங்கிக் கிடக்கிறான். வரட்டும், கன்னம் பழுக்க ஒன்று வைக்க வேண்டும். யாரோ ஒரு பெரியவர் ரத்தம் சிந்தியதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் மாமாவுக்கு ஜிலேபி வாங்கினேன். மரிய ஜோசப் மாமா, அக்கா வீட்டுக்காரர். போன வருஷம் அட்டாக் வந்து பிழைத்தவர். மகன் காணாமல் போனதிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறார்.

புதுச்சத்திரம் தாண்டும் வரை நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

“தம்பி” என்றாள், டிக்கெட்டை எங்கே வைத்தாய் என்று கேட்பது போல.

“டேவிட்டுக்கு ஆபரேஷன் பண்ணப்போ நீ ஸ்கூல்ல படிச்சிக்கிட்டு இருந்த. இருதயத்துக்கிட்ட போவ உடாம ஒரு சுரப்பி மறைச்சிக்கிட்டு இருந்திச்சு, அத எடுத்துட்டோம்மான்னு டாக்டர் எங்கிட்ட வந்து சொன்னாரு. மாமா அப்போ மருந்து வாங்கப் போயிருந்தாரு. அது இல்லன்னாலும் ஒன்னும் ஆவாதுன்னாரு டாக்டரு. அதான் நானும் யார்கிட்டயும் சொல்லல.”

ஜிலேபிப் பொட்டலம் என் மடியில் இருந்தது. சுரப்பியே இல்லாத பிள்ளைக்கு வளையம் எங்கிருந்து வரும். இருபத்தாறு வயதிலும் அவன் ரத்தம் கிழவர் ரத்தமாகத்தானே தெரியும்.

“அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டிருக்கலாமேக்கா.”

“கேட்டா சொல்லிடுவாளே.”

அவள் கையிலிருந்த போன் அடித்தது. மாமா. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

“நம்ம புள்ள இல்லீங்க. யாரோ வயசானவரு ரத்தமாம், பரிசோதன பண்ணி சொல்லிட்டாங்க” என்றாள். “ரசம் மூடி வெச்சிருக்கேன். எழுந்து சூடு பண்ணி ஒரு வாய் சாப்புடுங்க.”