யார் மேல் புகார்?

"ஆபரேஷன் கிடையாதா? என்ன, விளையாடறீங்களா? இதுக்கு ஓஸ்லோவுக்கே கூட்டிட்டுப் போயிருப்பேனே!"

ஒட்வார் போட்ட சத்தத்தில் வராந்தாவில் போன நர்ஸ் நின்று திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டுமே! மூன்று வாரமாக அவன் தூங்கவில்லை. மனைவி இங்குன்னின் அடிவயிற்றில் ஆரஞ்சுப் பழ அளவு கட்டி. ஸ்கேன் பார்த்தவர்கள் எல்லாரும் கேன்சர் என்றுவிட்டார்கள். இன்று கர்ப்பப்பையோடு எடுத்துவிடுவதாக ஏற்பாடு.

"நல்ல சேதிதான், ஒட்வார்," என்றாள் டாக்டர் சில்யே. "ஊசி குத்தி எடுத்த சதையோட ரிசல்ட் இப்பத்தான் வந்துச்சு. இது கேன்சரே இல்ல. அபூர்வமான ஒரு கிருமித் தொற்று. ஸ்கேன்ல அச்சு அசல் கேன்சர் மாதிரியே தெரியும். பென்சிலின் போதும். மாசக்கணக்கா ஆகும், ஆனா கரைஞ்சிடும்."

கட்டிலில் இருந்த இங்குன் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஒட்வாருக்கும் கண் கலங்கியது. ஆனால் மூன்று வாரக் கோபம் யார் தலையிலாவது இறங்க வேண்டுமே!

"எப்படி வந்துச்சு இந்தக் கருமம்?"

"உள்ள ஒரு பழைய காப்பர்-டி இருக்கு. பத்து வருஷத்துல எடுத்திருக்கணும். இருபத்திமூணு வருஷமா அங்கேயே கெடக்கு. அதுலதான் கிருமி குடியேறியிருக்கு."

"போட்டது எங்க ஊர் டாக்டர்தானே? மாட்டி விட்டுட்டு மறந்துட்டானா? பொம்பளை உசுருன்னா அவ்வளவு இளக்காரமா? இன்னிக்கே புகார் எழுதறேன். அவன் லைசென்ஸைக் கிழிக்காம விடமாட்டேன்!"

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "அவர் மறக்கல. எடுக்கறதுக்கு ரெண்டு தடவை தேதி குடுத்திருக்கார். ரெண்டு தடவையும் போன்ல ரத்து பண்ணியிருக்காங்க."

"ரத்தா? எந்த முட்டாள் பண்ணினது?"

டாக்டர் கட்டில் பக்கம் திரும்பி இங்குனைப் பார்த்தாள்.

இங்குன் முகத்திலிருந்து கையை எடுத்தாள். அழுகை நின்றிருந்தது.

"நீதான், ஒட்வார். ரெண்டு வருஷமும் எல்க் மான் வேட்டை வாரத்துல தேதி விழுந்துச்சு. 'காட்டுல எட்டு ஆம்பளைங்களுக்கு யாரு சமைக்கறது? அப்புறம் பாத்துக்கலாம்'னு நான் பக்கத்துல நிக்கும்போதே போன் பண்ணின. மூணாவது தேதி கேக்க எனக்கே வெக்கமாப் போச்சு. புகார்தானே? எழுது. நானும் கையெழுத்துப் போடறேன்."