உச்சியில கத்துறவ

ப்ளூஸ் பாடகி கதைன்னதும், சோகப் பாட்டாச்சேன்னு கைக்குட்டையைத் தேடுறீங்களே, எனக்குத் தெரியாதா? உள்ள வைங்க. இதுல புருஷன் ஓடிப்போகல. யாரும் குடிச்சுக் கெட்டுப்போகல. ரயில் ஊதுற சத்தம்கூடக் கிடையாது.

எங்க லூவீனியாவுக்குத் தொண்டையில கட்டி. டாக்டர் கத்தி வச்சார். அஞ்சு வருஷம் மேடைப் பக்கமே வரல. மெம்ஃபிஸ்ல ஸ்கூல் பஸ் ஓட்டினா. இந்த வசந்தத்துலதான், கிளியோட்டிஸோட கிளப்புல, ஞாயித்துக்கிழமை மதியத்துல மறுபடி மைக் பிடிச்சா.

எங்க பேட்டைக்கே நெஞ்சு நிமிர்ந்துபோச்சு.

"கத்தி பட்ட தொண்டையாய்யா இது? அந்த உச்சி சுரம் அப்படியே கணீர்னு நிக்குது!"ம்பான் முடிவெட்டுற ஹோரஸ்.

"எனக்கு முடியெல்லாம் நட்டுக்கிச்சுய்யா!"ம்பான் கிளியோட்டிஸ். தலையில ஒத்த முடி கிடையாது அவனுக்கு.

ஒரே இடைஞ்சல், வெர்லீன்.

எங்க ஊர்ல வாய மூடிட்டுப் பாட்டுக் கேட்டா, பாடுறவங்களுக்கு அவமானம். "பாடு தாயி!", "அப்படிச் சொல்லு!"ன்னு குரல் குடுக்கணும். ஆனா அதுக்குன்னு இடம் இருக்கு. வரி முடிஞ்சு அவங்க மூச்சு வாங்குறப்பதான் நாம வாயத் தெறக்கணும்.

வெர்லீனுக்கு அந்த நியாயமெல்லாம் கிடையாது. பாட்டு உச்சிக்கு ஏறுற அந்த நொடியில, முன்வரிசையிலேர்ந்து எந்திரிச்சு, ரெண்டு கையையும் தூக்கி, "ஊஊஊ... தாயீஈஈ!"

"அவ கத்தலையும் மீறிக் கேக்குது பாரு, அதான் லூவீனியா!"ம்பான் ஹோரஸ்.

"பொறாமை"ன்னு ஊரே சொல்லிச்சு. லூவீனியா நோயில படுத்தப்புறம் அந்த மேடையில பாடினது வெர்லீன்தான். இவ திரும்பி வந்ததும் அவ இறங்க வேண்டியதாப் போச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை, கோடை இசை விழாவுல பாட ஆள் தேடி ஒருத்தர் வந்திருந்தார். அவருக்குப் பிடிச்சுட்டா, லூவீனியா பஸ் சாவியைத் திருப்பிக் குடுத்துடலாம்.

கிளியோட்டிஸ் நேரா வெர்லீன்கிட்ட போனான்.

"இன்னிக்கு ஒரு நாள் வாயப் பொத்திக்கிட்டு இரு."

"என் வாய், என் டிக்கெட்டு."

"அவ பொழப்புல மண்ணப் போடாதடி!"

"நகரு, மேடை மறைக்குது."

அவ்வளவுதான். கையைப் பிடிச்சு வெளிய கொண்டுபோய் விட்டுட்டு, கதவுல தானே முதுகைக் குடுத்து நின்னுக்கிட்டான். கூட்டம் கைதட்டிச்சு.

"சனி ஒழிஞ்சுது!"ன்னான் ஹோரஸ்.

மேடைக்குப் பக்கத்துலயே இருக்குற சமையல்கட்டு ஜன்னல்ல கெளுத்தி மீன் பொரிச்சிட்டிருந்த டல்லி மட்டும் கரண்டியைக் கீழ வச்சான்.

பாட்டு ஆரம்பிச்சுது. கரகரன்னு, அடிக்குரல்ல, எலும்புக்குள்ள இறங்குற மாதிரி பாடினா. விழாக்காரர் கண்ணை மூடிட்டார். மெதுவா உச்சி வந்துச்சு. எல்லாரும் மூச்சைப் பிடிச்சாங்க.

லூவீனியா கையைத் தூக்கி வாத்தியத்தை நிறுத்தினா.

"கிளியோட்டிஸ், வெர்லீன உள்ள விடு."

"நீ பாடு தாயி! அவள நான் பாத்துக்கறேன்!"

"அவ வராம நான் மேல போக மாட்டேன்."

தலை கொஞ்சம்கூடக் குனியல. ராணி மாதிரி நின்னா.

விழாக்காரர் கண்ணைத் தெறந்தார். "யாரு அந்தம்மா?"

"பொறாமை புடிச்சவ சார்"னு முந்திக்கிட்டான் ஹோரஸ். "இவங்க உச்சி சுரத்தைக் கெடுக்கறதுக்குன்னே வாராவாரம் வந்து..."

டல்லிக்கு அதுக்கு மேல தாங்கல. ஜன்னல் வழியா பாதி உடம்பை வெளிய நீட்டிட்டான்.

"யோவ் ஹோரஸ்! அந்தத் தொண்டையில உச்சி சுரம் ஆபரேஷன்லயே போச்சுய்யா! இத்தனை வாரமா நீங்க கேட்டுப் புல்லரிச்சதெல்லாம், இப்ப வெளிய தள்ளுனீங்களே, அவளோடதுய்யா!"